துருக்கித் துவக்கும் பதினான்கு பந்திகளும்

என் அக்காவின் கணவர் கொழும்பு வெள்ளவத்தையில், நான்காம் மாடியில், ஒரு துவக்கு வைத்திருந்தார். காட்டுப்பன்றி சுடவென்று அனுமதிப்பத்திரம் எடுத்த துவக்கு. எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் வேலை செய்யாது. ஆனபடியால் பன்றி வருவதென்றால் படியேறித்தான் வரவேண்டும். வந்தாலும் இரண்டாம் மாடியில் இருக்கும் என்னைத்தான் முதலில் சந்தித்திருக்கும்.

அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில் குளியலறைச் சாமான் கடை. கொமட், கை கழுவும் பேசின், தண்ணீர்ப் பைப் எல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறவர். அதோடு சிலாபப் பக்கம் பத்து ஏக்கர் தென்னங்காணி. அங்கே பன்றி வருவது உண்மை. அதைக் கலைக்கிறது அந்தக் காணியிலேயே குடியிருக்கும் ஒரு குடும்பம், இரண்டு நாய்களும் ஒரு தகர டின்னுமாக. அத்தான் மாதம் ஒருமுறை காரில் போவார், இளநீர் குடிப்பார், துவக்கைப் பெட்டியோடு இறக்கி வைப்பார், பின்னேரம் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். எனக்குத் தெரிய அவர் சுட்டது ஒரேயொரு தரம், மரத்தில் நின்ற ஒரு செவ்விளநீர்க் குலையை. அதுவும் விழவில்லை.

எனக்கு இதையெல்லாம் சொல்ல என்ன தகுதி என்று கேட்டால், இருபத்தாறு வருடம் நான் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள ஒரு முகவர் கந்தோரில் சுங்கப் பத்திரங்கள் அடித்தவள். இந்த நாட்டுக்குள் எது எந்தக் கதவால் வருகிறது, எந்தக் கடதாசி இல்லாவிட்டால் எது வாசலில் கிடந்து உக்கும் என்று எனக்குத் தெரியும். கந்தோரை விட்ட பிறகும் பழைய வாடிக்கைக்காரர் சிலருக்கு வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அத்தானின் கொமட்டுகளுக்கும் நான்தான். அப்படித்தான் துவக்கும் என் தலையில் விழுந்தது.

முதலில் அவரிடம் இருந்தது அரசாங்க விற்பனை நிலையத்தில் வாங்கிய ஒற்றைக் குழல். பன்றிக்கு அது போதும், பன்றி குழலை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் அத்தானுக்கு அதைக் காண வெட்கம். "உதென்ன துவக்கு, தண்ணிப் பைப் மாதிரி," என்பார். தண்ணீர்ப் பைப் விற்றே வீடு வாங்கிய மனிதருக்கு அதில் ஏன் இவ்வளவு இளக்காரம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் துருக்கியிலிருந்து பேசின் விலைப்பட்டியல் வந்தது. அதை அனுப்பியவனுடைய தம்பிக்குத் துவக்குத் தொழிற்சாலையில் வேலையாம். அன்றைக்குப் பிடித்தது பேய்.

இறக்க ஒன்றேகால் வருடம் ஆனது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, இறக்குமதிக் கட்டுப்பாட்டு அனுமதி, பொலிஸ் அறிக்கை, கிராம சேவகர் கடிதம், காணி உறுதியின் பிரதி, வங்கிக் கடிதம். ஒவ்வொன்றும் மற்றதைக் கேட்கும். இதை வைத்துக்கொண்டு வா என்று அது சொல்லும், அதை வைத்துக்கொண்டு வா என்று இது சொல்லும். கடைசியில் பூட்டிய அறையில் பெட்டியைத் திறந்தபோது சுங்க அதிகாரி அதைத் தூக்கிக் கூரை விசிறியைக் குறிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிஸ்ஸுக்கா இது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

பழைய ஒற்றைக் குழலைத் திருப்பி ஒப்படைத்தாயிற்று. புதியது இரட்டைக் குழல். வாதுமை மரப் பிடி. இரண்டு பக்கமும் பறவைகள் செதுக்கிய வெள்ளித்தகடு. அந்தப் பறவைகள் எதுவும் இலங்கையில் இல்லை, இருந்தாலும் அத்தானின் குறிக்குப் பயந்திருக்க மாட்டா. அன்றிலிருந்து அக்கா வீட்டில் தேநீர் குடிக்கப் போன எவரும் துவக்குப் பாராமல் திரும்பவில்லை. அதன் இரும்புப் பெட்டிக்கு இடம் விடுவதற்காக அக்கா தன் கூறைச் சீலையை எடுத்து என் அலுமாரியில் கொண்டுவந்து வைத்தாள். நாட்டில் டொலர் இல்லாமல் போய், நானும் அவளும் ஒழுங்கை முடக்கில் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு வரிசையில் நின்ற நாட்களில், அத்தான் மேலே இருந்து துவக்குக்கு எண்ணெய் பூசினார். எங்களுக்கு எந்த நிறச் சிலிண்டர் வேண்டும் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

பிறகுதான் ஒரு புதிய சட்ட வரைவைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. தனியார் இனிமேல் சுடுகலன் இறக்குமதி செய்ய முடியாது, அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் அரசாங்க விற்பனை நிலையத்தில் இருக்கிற ஓரிரு வகைகளையே வாங்கலாம் என்ற மாதிரி. சுடுகலன் என்றதும் அக்கா அது ஏதோ சமையல் பாத்திரமாக்கும் என்று நினைத்து, நல்ல வேளை போன மாதமே குக்கர் வாங்கினேன் என்றாள். நான் வாசித்துவிட்டு, என் வாழ்நாளில் ஒரு அரசாங்கம் எழுதிய ஒரேயொரு புத்தியான வசனம் இது என்று சொன்னேன். அத்தான் ஒரு கிழமை என் வீட்டில் சாப்பிடவில்லை.

உங்களிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்டேன். இனி வாங்கப்போகிறவர்களின் நிலைமையை யோசிக்க வேண்டாமா என்றார். ஊருலகத்தின் நிலைமையை அத்தான் யோசித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. பிறகு அக்கா இரகசியமாகச் சொன்னாள், அவர் ஒரு இத்தாலித் துவக்கில் கண் வைத்திருக்கிறாராம், அதன் படத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாராம். பேரப்பிள்ளையின் படம் வரவேற்பறையில் இருந்தது.

துவக்குக்காரர்கள் கூடினார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். மனு எழுத ஆள் வேண்டும் என்று அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பல் வைத்தியர், தேயிலைத் தோட்டத் துரையாக இருந்து இளைப்பாறிய ஒருவர், இராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து இளைப்பாறிய ஒருவர், ஹோட்டல் முதலாளிமார் இருவர், இன்னும் சிலர். தமிழர் என்று அத்தான் மட்டும்தான். வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பெருமை.

"அங்க சிங்களவன் தமிழன் எண்டு ஒண்டும் இல்லை, பாரும்," என்றார். "துவக்குக்காரர் எல்லாரும் ஒரே சாதி."

அந்தச் சாதியார் இரண்டரை மணித்தியாலம் கதைத்தார்கள். சட்டை வாங்கும்போது நிறம் தெரிவு செய்யலாம், கார் வாங்கும்போது ஜப்பானா ஜெர்மனியா என்று தெரிவு செய்யலாம், துவக்கில் மட்டும் அரசாங்கம் தருகிறதைக் கும்பிட்டு வாங்க வேண்டுமா என்றார் பல் வைத்தியர். ஹோட்டல் முதலாளி ஒருவருக்கு இடது கைப் பழக்கம், அரசாங்கத் துவக்கு அவருக்குத் தோதாக வராதாம். தோட்டத் துரைக்கு வாதுமை மரம்தான் தோளில் இதமாக இருக்குமாம். நுகர்வோர் உரிமை, நுகர்வோர் தெரிவு என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அத்தான் எழுந்து நின்று, அரசாங்கத் துவக்கின் தரம் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். தண்ணீர்ப் பைப் உவமானத்தை அங்கேயும் அவிழ்த்துவிட, எல்லோரும் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். பன்றியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்லட் நன்றாக இருந்தது.

நான் எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல். வேண்டாவெறுப்பாக எழுதியிருந்தால் பரவாயில்லை, ஆசையோடு எழுதினேன். இருபத்தாறு வருடம் பெட்டிகளின் எண்ணிக்கையும் நிறையும் அடித்த விரல்களுக்கு ஒரு நல்ல வசனம் எழுதக் கிடைத்தால் விடுமா? பதினான்கு பந்திகள், மூன்று மொழியிலும். ஆறாம் பந்தி என்னுடைய கண். 'ஒரு பொருளை வைத்திருக்க ஒருவர் தகுதியானவர் என்று அரசே சான்று வழங்கிய பின்னர், அப்பொருளில் தமக்கு உகந்தது எதுவெனத் தெரிவு செய்யவும் அவர் தகுதியானவரே.' இளைப்பாறிய இராணுவக்காரர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இப்படி எழுத இப்போது ஆட்கள் இல்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மனுவின் கீழே முதல் கையெழுத்தாக அத்தானுடையதை வாங்கினார்கள், எழுத்து அவர் வீட்டிலிருந்து வந்தது என்ற மரியாதைக்காக.

இது இப்படியிருக்க, நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு அத்தானின் கடையில் அளவு நாடா, ஓடு வெட்டுகிற மெஷின், கல்குலேட்டர், லொறிச் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். வீட்டில் அக்காவின் தையல் மெஷினும் என் கணினியும் சாமிப் படத்துக்கு முன்னால் போகும். அந்த வருடம் அவற்றுக்கு நடுவே அத்தான் துவக்கைக் கொண்டுவந்து கிடத்தினார். சாமிக்கு முன்னால் இது வேண்டாம் என்று அக்கா மறித்தாள். ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் கொமட்டையா வைக்கிறது என்று கேட்டார். அக்கா தையல் மெஷினைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

குழலுக்கு மூன்று குறி திருநீறு பூசினார். வெள்ளித்தகட்டில் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, செவ்வரத்தம்பூ மாலையும் சுற்றினார். தீபம் காட்டி முடிந்ததும் வேட்டியோடு, வெறும் மேலோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, இரண்டு கையாலும் துவக்கை ஏந்திக்கொண்டு நின்றார். படம் எடுக்கச் சொன்னார். எடுத்தது நான். ஃபோனில் எங்கள் குடும்பக் குழு ஒன்று இருக்கிறது, லண்டன், டொரொன்டோ, சிட்னி என்று எல்லாத் திசையிலும் ஆட்கள். படத்தை அதில் போட்டார். எல்லோரும் கும்பிடுகிற கை போட்டார்கள். நானும் போட்டேன்.

இது வேண்டாம் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யுத்த காலத்தில், மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் துவக்கை வாளால் அரிந்து, மூன்று துண்டாக்கி, மூன்று ஒழுங்கைகளின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவர் இதே அத்தான். வீட்டில் ஒன்று, வெளியில் எலி என்று ஒரு பழமொழி உண்டு. அதில் வரும் முதல் மிருகத்தின் பெயரைக் கொழும்பில் நாங்கள் இன்றைக்கும் சத்தமாகச் சொல்வதில்லை. அவ்வளவு அடக்கமாக வளர்ந்த மனிதர், ஒரு அமைச்சின் முத்திரை குத்திய கடதாசி கையில் வந்ததும், தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துபோனார். அந்தக் கடதாசியை எடுத்துக் கொடுத்தவள் நான். நானும் மறந்துதான் போயிருந்தேன்.

டொரொன்டோவில் அத்தானின் தமக்கையின் மகன் இருக்கிறான். முப்பது தாண்டிவிட்டது. ஐந்து வயதில் போனவன், சீனவெடி தவிர வேறு வெடி கேட்டிருக்க மாட்டான். தூரம் கூடக்கூட வீரமும் கூடும். போரில் மாண்ட இயக்கத்தவருக்கு விளக்கேற்றுகிற கார்த்திகை மாதத்தில் எந்தப் படத்தைத் தொடக்கூடாது என்று இங்கே பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குக் கார்த்திகை மாதம்தான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. குழுவிலிருந்து எடுத்து, இணையத்தில், உலகத்துக்கே போட்டான். கீழே ஒரு வரி: 'எங்கள் மாமா. இன்னும் ஓயவில்லை.' விடிவதற்குள் யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையாகக் கதைத்தார்களாம். துவக்கையும் அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்களாம். அத்தான் படியால் இறங்கி என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டார். அக்கா டொரொன்டோவுக்கு ஃபோன் எடுத்து அழுதாள். அவன் படத்தை நீக்கிவிட்டான், ஆனால் குரலில் மனத்தாங்கல். "இஞ்ச இது ஒரு பிரச்சினையே இல்லை, மாமி," என்றான். அங்கே இல்லைத்தான். அங்கே இருந்துகொண்டு சொன்னால் ஒன்றுமே பிரச்சினை இல்லை.

பிறகு அத்தான் தன் துவக்குச் சாதிசனத்துக்கு ஃபோன் எடுக்கத் தொடங்கினார். பல் வைத்தியர் நோயாளியின் வாய்க்குள் கை வைத்திருந்தார், அன்று முழுவதும் அந்தக் கையை எடுக்கவில்லை. தோட்டத் துரை மலையில் இருந்தார், சிக்னல் இல்லை. ஹோட்டல் முதலாளிமார் மணி அடிக்க அடிக்க விட்டார்கள். இராணுவக்காரர் மட்டும் எடுத்தார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். ஆங்கிலத்தில், அன்பாக, நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஒதுங்கியிருப்பது மனுவுக்கு நல்லது என்றார். அன்று பின்னேரமே இறுதிப் பிரதி மின்னஞ்சலில் வந்தது. முதல் கையெழுத்தைக் காணவில்லை. பதினான்கு பந்திகளும் ஒரு காற்புள்ளி பிசகாமல் இருந்தன. ஆறாம் பந்தியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அக்கா பை கட்டினாள். இந்தப் பையைக் கட்ட எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு சாரம், ஒரு துவாய், பல்துலக்கி, பிரஷர் குளிசை, வைத்தியர் எழுதின மருந்துத் துண்டு, அடையாள அட்டையின் பிரதி. எங்கள் தம்பிக்கும் ஒருமுறை அக்காதான் கட்டினவள். சும்மா விசாரணைதானே, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனவன், ஒன்றரை வருடம் கழித்து வந்தான். இப்போது நோர்வேயில் இருக்கிறான். ஃபோனில் மழை பெய்கிறதா என்று கேட்பான், பனி கொட்டுகிறது என்று சொல்வான், வேறொன்றும் கதைப்பதில்லை. அத்தானுக்கு அறுபத்தெட்டு வயது. ஒன்றரை வருடம் அவருக்குத் தாங்காது என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அவள் குளிசையை மூன்று மாதத்துக்கு வைத்தாள்.

மறுநாள் காலை காரை வீட்டில் விட்டுவிட்டு அத்தானும் நானும் ஓட்டோவில் போனோம். துருக்கிப் பெட்டி எங்கள் இருவரின் மடியிலும் குறுக்கே கிடந்தது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, மாத்தயா, கிற்றாரா என்று சிங்களத்தில் கேட்டார். அத்தான் ஓம், கிற்றார் என்றார். வாசிப்பீர்களா என்று அவர் அடுத்ததாகக் கேட்க, அத்தான் பேரப்பிள்ளைக்கு என்று சொன்னார். இன்னொரு நாளாயிருந்தால் இதை வைத்து ஒரு வருடம் சிரித்திருப்பேன்.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் இருத்தினார்கள். உள்ளே கூப்பிட்ட அதிகாரிக்கு நடுத்தர வயது, கையில் புத்த பிக்கு கட்டிவிட்ட பிரித் நூல். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. மேசையில் அந்தப் படம் கலரில் அச்சடித்து வைத்திருந்தது. டொரொன்டோக்காரனின் வரிக்குச் சிங்கள மொழிபெயர்ப்பும் பின்னால் குத்தியிருந்தது, ஒரு பிழையும் இல்லாமல். படத்தில் இருந்த அத்தானையும் எதிரே இருந்த அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். இது எதற்கு என்று துவக்கைக் காட்டிக் கேட்டார்.

அத்தான் முப்பது வருடம் சிங்களத்தில் வியாபாரம் செய்தவர். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. என்னைப் பார்த்தார். பன்றிக்கு என்று நான் சொன்னேன்.

அதிகாரி துவக்கின் இலக்கத்தை அனுமதிப்பத்திரத்தோடு ஒப்பிடப் பார்த்தார். இலக்கம் தெரியவில்லை. வெள்ளித்தகட்டுப் பள்ளங்களுக்குள் பூசைச் சந்தனம் இறுகிக் கல்லாகக் கிடந்தது. எண்ணெய் பூசியே நாளைக் கழித்த மனிதர், சந்தனத்தைத் துடைத்தால் பாவம் என்று அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். இலக்கத்தை மறைப்பது குற்றம் என்று அந்த அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. அதிகாரி ஒரு குண்டூசியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டுத்தான். இதென்ன என்று சுரண்டி விழுந்த தூளைக் காட்டிக் கேட்டார். சந்தனம், பூசையில் வைத்தது என்றேன். எங்கள் ஆட்களும் வாகனத்துக்குப் பூசை செய்கிறவர்கள்தானே என்று தலையாட்டினார்.

பிறகு அவருக்கே துவக்கில் ஆசை வந்தது. குழலுக்குள் பார்த்தார், பிடியைத் தடவினார், நல்ல சாமான் என்றார். இவ்வளவு கரைச்சல்பட்டு வெளியிலிருந்து இறக்கியிருக்கிறீர்களே, அரசாங்கத் துவக்கு சரியில்லையா என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டார். பம்பலப்பிட்டி மண்டபத்தில் இதே கேள்விக்கு அரை மணித்தியாலம் முழங்கியவர் அத்தான்.

"அதுவும் நல்லது, சேர்," என்றார்.

சட்டப்படி ஒரு பிழையும் இல்லை என்றார் அதிகாரி. கடதாசி எல்லாம் சரி. ஆனால் மேலே கேட்பார்கள், திரும்பவும் கூப்பிட வேண்டி வரலாம், வேறு இடத்துக்கும் போக வேண்டி வரலாம். கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனால் மாத்தயா விரும்பினால் இதைத் திருப்பி ஒப்படைத்து...

அவர் முடிக்கவில்லை. "தெனவா சேர், தெனவா," என்றார் அத்தான். தருகிறேன், தருகிறேன். போன சிங்களம் அதற்கு மட்டும் திரும்பி வந்தது.

கடிதம் வேண்டும் என்றார்கள். அத்தானின் கை எழுதுகிற நிலையில் இல்லை. வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். வயது காரணமாகவும், காணியைப் பராமரிக்க வேறு ஏற்பாடு உள்ளபடியாலும், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுக்க என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். ஓரிடத்தில் அவருடைய வசனம் கொஞ்சம் தடக்கியது, அதை நான் திருத்தி அழகாக்கினேன். அவர் வாசித்துவிட்டு, மிஸ்ஸின் சிங்களம் நல்லது என்றார். அத்தான் கையெழுத்து வைத்தார். துவக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடும்போது அதை அவர் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது அதிகாரிக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். நானும் சொன்னேன்.

திரும்பும்போது ஓட்டோவில் மடி வெறுமையாக இருந்தது. அத்தான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். இந்த மனிதரை முப்பத்தைந்து வருடமாக நான் நக்கலடித்து வருகிறேன், அவருக்கும் அது தெரியும். இன்றைக்கு வாயைத் திறந்தால் என்ன சொல்வேனோ என்று அவர் பயந்ததை அந்தச் சின்ன இடத்துக்குள் என்னால் உணர முடிந்தது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அக்கா கீழே கேற்றடியில் நின்றாள். காலையிலிருந்து நின்றிருக்கிறாள். ஓட்டோ நிற்கும் முன்னரே பையை அவர் கையிலிருந்து பறித்தாள். மேலே போய், சாரத்தை எடுத்துக் கொடியில் போட்டாள், பல்துலக்கியைத் தம்ளரில் வைத்தாள், குளிசைகளைப் பெட்டிக்குள் கொட்டினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் இரும்புப் பெட்டி திறந்து வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தாள்.

"துவக்கு எங்க?"

"குடுத்திட்டன்," என்றார் அத்தான். "வயசு போன காலத்தில எனக்கென்னத்துக்கு? ஒருத்தரும் கேக்கேல்லை. நானாத்தான் குடுத்தனான்."

அக்கா அவரை நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். அத்தான் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"ஓம் அக்கா," என்றேன். "அத்தான் தானா விரும்பித்தான் குடுத்தவர்."

கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருந்தேன்.